கருகிய கிளைக்குக் கீழே ஒரு முழம்

ஜூன் 4
வீடு

‘நலம், நலமறிய ஆவல்’ என்று தொடங்கத்தான் கை போனது. ஆறு வருடம் கழித்து எழுதும்போது அந்த இரண்டில் எதையும் துணிந்து சொல்ல முடியவில்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

தோட்டத்துச் சீமைமாதுளை மரங்கள் இரண்டில் மதில் ஓரத்து மரத்துக்கு ஏதோ வந்துவிட்டது. போன மாதம் மழைக்கு நடுவே நன்றாகவே பூத்தது. பூ உதிர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை, கிளை நுனிகள் கருக ஆரம்பித்தன. யாரோ ஒவ்வொன்றாகத் தீக்குச்சியைக் காட்டிக்கொண்டே போனதுபோல் இருக்கிறது. கருகிய இலை உதிரவும் மாட்டேன் என்கிறது. நுனி தூண்டில் முள்ளாக வளைந்து தொங்குகிறது. பட்டையில் ஓரிடத்தில் தேன் நிறத்தில் ஏதோ கசிந்து நிற்கிறது.

நீங்கள் விட்டுப்போன தோட்டப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில் ‘ஆபத்து’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. உங்கள் வழக்கம் அது.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, பேரில்தான் மாதுளை, அறுத்தால் ஒரு முத்து கிடையாது, பச்சையாகக் கடித்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, இதை வைத்துக்கொண்டு என்ன அழுகிறீர்கள், வெட்டிப் போடுங்கள் என்றார். அவருக்கு என்ன தெரியும். அப்பா எங்கிருந்தோ ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த குச்சிகள் அவை. உங்களுக்கு நினைவிருக்கும்.

எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் அதே வேலை. இப்போது பகல் ஷிஃப்ட் முழுவதும் என் பொறுப்பு. ஞாயிறு ஒருநாள்தான் தோட்டத்துக்குக் கிடைக்கிறது. அதனால் சீக்கிரம் எழுதினால் நல்லது.

முகவரியை உங்கள் அக்காவிடம் வாங்கினேன். எதற்கு என்று கேட்டார்கள். மரத்துக்கு என்றேன். நம்பவில்லை.

எனக்குப் பதில் எழுத வேண்டும் என்று இல்லை. மரத்துக்கு எழுதுங்கள்.

சட்டப்படி இன்னும் உங்கள் மனைவி

*

ஜூன் 11
மூன்றாம் மாடி அறை

உனக்கு,

மரத்துக்கு முதலில்.

அது கருகல் நோய். பூ வழியாக உள்ளே போய், கிளைக்குள்ளேயே கீழே இறங்கும். கருப்பு எங்கே முடிகிறதோ அங்கே வெட்டினால் போதாது. நல்ல கிளை என்று நாம் நினைக்கும் இடத்துக்குள் அது முன்பே போயிருக்கும். கருகியதற்குக் கீழே ஒரு முழமாவது விட்டு வெட்ட வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பத்தை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும். சோம்பல் பட்டால் நீயே நோயைக் கிளை கிளையாகப் பரிமாறியது ஆகிவிடும். ஈர நாளில் வெட்டாதே. வெட்டியதை மூலையில் குவித்து வைக்காமல் அன்றே எரித்துவிடு. ரம்பம் பின்கதவுக்கு மேலே உள்ள பரணில் பழைய கோணியில் சுற்றி இருக்கும், நீ இடம் மாற்றாமல் இருந்தால்.

இப்போது எனக்கு. நான் இன்னும் லிஃப்ட் மெக்கானிக்தான். இந்த ஊரில் நாற்பத்திரண்டு கட்டடங்கள் என் பொறுப்பு. நான் குடியிருக்கும் கட்டடத்தின் லிஃப்டும் அதில் ஒன்று. அது நின்றுபோனால் மாடி வீட்டு அம்மாள்கள் ஆபீசுக்குப் போன் செய்வதில்லை, நேரே என் கதவைத் தட்டுகிறார்கள். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. முழங்கால் கொஞ்சம் பேசுகிறது.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதினேன். முதல் இரண்டிலும் மாமாவைப் பற்றி எழுதி, கிழித்துவிட்டேன். அவர் உட்காரும் பிரம்பு நாற்காலி இன்னும் மரத்தடியில் இருக்கிறதா?

மரம் எப்படி இருக்கிறது என்று எழுது. நீ எப்படி இருக்கிறாய் என்றும் எழுதலாம், கட்டாயம் இல்லை.

*

ஜூன் 22
வீடு

ரம்பம் நீங்கள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. நான் எதையும் இடம் மாற்றுவதில்லை, மாற்றிக்கொண்டு போனவர் நீங்கள்.

ஒன்பது கிளை வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்பிரிட்டில் துடைத்தேன். ஆஸ்பத்திரியில் இருபத்தைந்து வருடம் வேலை பார்ப்பவளுக்குத் துடைக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. எரித்தும் விட்டேன். மரம் மொட்டையடித்துக்கொண்டு வந்தவர் மாதிரி நிற்கிறது.

நாற்காலியைக் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு அதைக் கேட்கும் தைரியம் வந்திருக்கிறதே என்று பார்த்தேன். மழையில் நனைந்து பின்னல் அறுந்துபோயிற்று. போன வருடம் எடுத்துப் போட்டேன்.

கேட்டதால் சொல்கிறேன். நீங்கள் மறந்திருப்பீர்கள், எனக்கு எழுத்து எழுத்தாக நினைவிருக்கிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, நம்மோடு வந்து இருந்து பதினாலு மாதம். பேச்சு போய்விட்டது, வலது கை போய்விட்டது. இடது கையால் சிலேட்டில் எழுதுவார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், ஒரு டம்ளர் தண்ணீருக்குச் சுவரைத் தட்டிக் கூப்பிட வேண்டியிருந்தது. அன்றைக்கு நீங்கள் வேலையிலிருந்து வந்து கை கழுவக் குளியலறைக்குப் போனீர்கள். அங்கே அவருடைய விரிப்புகள் ஊறிக்கொண்டிருந்தன. சமையலறைக்கு வந்து என்னிடம் சொன்னீர்கள்: “உங்கப்பா இருக்கிற வரைக்கும் இது வீடு இல்ல, ஆஸ்பத்திரி வராந்தா. அவர் போனாத்தான் நமக்கு வாழ்க்கைன்னு ஒண்ணு உண்டு.”

கதவு திறந்திருந்தது. அப்பா கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வாய்தான் போயிற்று, காது போகவில்லை.

நான் போய்ப் பார்த்தபோது சிலேட்டை என் பக்கம் திருப்பினார். ‘முதியோர் இல்லத்துல விடு.’ அவ்வளவுதான். அடுத்த வாரம் கொண்டுபோய் விட்டேன். அன்றைக்கே உங்களையும் வெளியே போகச் சொன்னேன். பதினோரு வாரத்தில் அவர் போய்விட்டார். நீங்கள் கேட்டது கிடைத்தது.

மரத்தைப் பற்றி வேறு ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

*

ஜூலை 8
மூன்றாம் மாடி அறை

உனக்கு,

மறக்கவில்லை. நீ எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

களைப்பாக இருந்தேன், ஐந்தாம் மாடியில் நின்றுபோன லிஃப்டோடு காலையிலிருந்து மல்லுக்கட்டிவிட்டு வந்தேன் என்றெல்லாம் முன்பு எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். இப்போது சொல்வதில்லை. களைப்பு யாருக்கு இல்லை? உனக்கு இல்லையா? பகல் முழுவதும் ஊர்ப்பட்ட விரிப்புகளை வெளுத்துவிட்டு வந்து, வீட்டில் மறுபடி ஒரு விரிப்பை ஊறப்போட்டவள் நீ. நான் உதவியிருக்கலாம். அவரைத் தூக்கி உட்காரவைக்க என் தோள் போதும். நான் தூக்கியது வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

சொன்னது சொன்னதுதான். மன்னிப்புக் கேட்கிறேன். ஆறு வருடம் தாமதமாகக் கேட்கிறேன் என்று தெரியும்.

மாமாவை நான் இல்லத்தில் போய்ப் பார்த்தேன், இரண்டு தடவை. புதன்கிழமைகளில், நீ வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்து. முதல் தடவை அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார் என்று நினைத்துத்தான் போனேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நகவெட்டி எடுத்துப் போயிருந்தேன், நகம் வெட்டிவிட்டேன். இடது கை நகங்களை மட்டும் வெட்டிவிட்டு நிறுத்தினால், வலது கையையும் இடது கையால் தூக்கி என் மடியில் வைத்தார்.

அவ்வளவுதான் இப்போதைக்கு எழுத வருகிறது. மரத்தின் அடியில் புதுத் தளிர்கள் கிளம்பியிருந்தால் கிள்ளிவிடு, சத்தை அவை தின்றுவிடும். கருகல் மறுபடி தெரிந்தால் உடனே எழுது.

*

ஜூலை 27
வீடு

நீங்கள் அப்பாவைப் பார்க்கப் போனதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. நகம் வெட்டியிருப்பதைப் பார்த்து நர்ஸ்தான் வெட்டியிருக்கிறாள் என்று நினைத்து, அவளுக்கு நன்றிகூடச் சொன்னேன். அவள் ஒன்றும் புரியாமல் தலையாட்டினாள்.

உங்கள் கடிதத்தைப் பத்து நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். நீங்கள் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஆறு வருடம் காத்திருந்தேன். கேட்டுவிட்டீர்கள். இப்போது அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. வாங்கினால் திருட்டு.

இதை யாரிடமும் சொன்னதில்லை. இல்லத்துக்கான விண்ணப்பப் படிவத்தை நான் முன்பே வாங்கிவிட்டேன். நீங்கள் அந்த வார்த்தை சொல்வதற்குப் பத்தொன்பது நாள் முன்பு. எங்கள் ஆஸ்பத்திரி ஆபீசிலேயே கிடைத்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில், இஸ்திரி உருளைகளுக்குப் பின்னால் நின்று, துணி மூட்டை மேல் வைத்து நிரப்பினேன். ‘விண்ணப்பதாரருடன் உறவு’ என்ற இடத்தில் ‘மகள்’ என்று எழுதும்போது பேனா எழுதவில்லை. உதறிவிட்டு எழுதினேன். கையெழுத்தும் போட்டேன்.

அன்று மாலையே அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். அவர் கஞ்சியைத் தானாகவே குடித்து முடித்திருந்தார். கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார், பரீட்சையில் முதல் மதிப்பெண் வாங்கியவர் மாதிரி. எப்படிச் சொல்வது? படிவத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று பத்தொன்பது நாள்.

அதற்குள் நீங்கள் சொன்னீர்கள். அப்பா கேட்டார். நான் வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. உங்கள் மேல் கத்தினேனே, அந்தக் கத்தலில் பாதி கோபம், பாதி நிம்மதி. அவரைக் கொண்டுபோய் விட்டதும் நீங்கள், கொன்றதும் நீங்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். உங்கள் அக்காவிடமும் சொன்னேன். அப்பாவை அடக்கத்துக்கு எடுத்த அன்று நீங்கள் வாசலுக்கு வெளியே நின்றிருந்தீர்கள். வெயில். யாரையும் விட்டு உள்ளே கூப்பிடச் சொல்லவில்லை நான்.

இவ்வளவுதான். இதற்கு நீங்கள் என்ன எழுதினாலும் படிப்பேன்.

மரம்: மதில் பக்கத்துப் பெரிய கிளையில் மறுபடி கருப்பு. அடிமரத்துக்கு ஒன்றரை முழம் மேலே வரை வந்துவிட்டது. கிளையோடு எடுத்துவிடலாமா, அடிமரத்தைத் தொட வேண்டுமா? தெரியவில்லை. எழுதுங்கள்.

*

செப்டம்பர் 14
வீடு

ஏழு வாரம் ஆயிற்று. எழுதாததும் ஒரு பதில்தான், புரிகிறது.

தினமும் வேலை விட்டு வந்ததும் தபால்பெட்டியைப் பார்ப்பேன், பிறகு மரத்தைப் பார்ப்பேன். பெட்டியில் ஒன்றும் இருக்காது, மரத்தில் கருப்பு ஒரு விரல் இறங்கியிருக்கும். உங்கள் கடிதம் வந்தபிறகு வெட்டலாம் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு, உங்கள் தப்பு இல்லை. என் யோசனையில் வெட்டித் தப்பாகிப் போனால் யாரைச் சொல்வது என்று நினைத்தேனோ என்னவோ. எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அடிமரப் பட்டை பிளந்து உள்ளே சிவப்பும் பழுப்புமாக இருந்தது. ஆள் வைத்துப் போன ஞாயிறு வேரோடு எடுத்துவிட்டேன். அரை நாள் வேலை. மற்ற மரம் பிழைத்துக்கொண்டது. அதில் காய் பிடித்திருக்கிறது, எண்ணி முப்பத்தொன்று. மேலே சாம்பல் நிறப் பஞ்சு மாதிரி ரோமம் படிந்து, பூனைக்குட்டிகள் மாதிரி தொங்குகின்றன.

இனி மரத்தைப் பற்றிக் கேட்க ஒன்றுமில்லை. எழுதவும் ஒரு சாக்கு இல்லை.

*

அக்டோபர் 5
மூன்றாம் மாடி அறை

உனக்கு,

மரம் போனதற்கு நானும் பொறுப்பு. நீ கேட்ட அன்றே எழுதியிருந்தால் கிளையோடு போயிருக்கும். உன் ஜூலைக் கடிதம் இத்தனை நாளும் மேசைமேல் கிடந்தது. பதில் எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படி. முடிந்தால் உட்கார்ந்து படி.

படிவம் எனக்குத் தெரியும். ஆறு வருடமாகத் தெரியும். மாமாதான் சொன்னார்.

இரண்டாவது புதன்கிழமை அது. நான் போனதும் சிலேட்டை எடுத்துக்கொண்டார். அவர் எழுத்தில் எழுவாய் இருந்தால் பயனிலை இருக்காது என்று நீ கேலி செய்வாயே, அப்படித்தான் எழுதினார். ‘படிவம் பாத்தேன். அலமாரி. அவ கையெழுத்து.’ உள்ளங்கையால் அழித்தார். நீ வேலைக்குப் போயிருந்தபோது, மாற்றுச் சட்டை எடுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு தானே போயிருக்கிறார். எத்தனை நேரம் ஆகியிருக்கும் என்று பார்த்துக்கொள். மறுபடி எழுதினார்: ‘அவ கேக்க மாட்டா. தவிக்கிறா.’ அதையும் அழித்தார். உன்னால் சொல்ல முடியாது என்று தெரிந்து, தானே கிளம்ப ஒரு காரணம் கிடைக்குமா என்று பல நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாராம். நான் கொடுத்தேன்.

‘பழி உங்க மேல. மன்னிக்கணும் மாப்பிள்ளை.’ அதை அழிக்கவில்லை. நான் படித்துவிட்டேனா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் சொன்னது நான் சொன்னதுதானே மாமா,” என்றேன். “அதுல நீங்க என்ன பழி போட்டீங்க?”

அதற்கு அவர் சிலேட்டை எடுக்கவில்லை. என் கையைப் பிடித்து இரண்டு தடவை அழுத்தினார். கிளம்பும்போதுதான் எழுதிக் காட்டினார்: ‘அவகிட்ட வேணாம்.’

அவர் வேண்டாம் என்றார், அதனால் சொல்லவில்லை என்று இங்கேயே முடித்தால் நான் நல்லவனாகிவிடுவேன். அது முழு உண்மை இல்லை. நீயாக வந்து ஒருநாள் ஒப்புக்கொள்வாய் என்று காத்திருந்தேன். அநியாயமாகப் பழி சுமக்கிறவன் என்ற நினைப்பில் ஒரு சுகம் இருந்தது. இந்த அறையில் தனியாக உட்கார்ந்து ஆறு வருடம் அதைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ ஒப்புக்கொண்டு எழுதிய அன்று அது தீர்ந்துபோயிற்று. அப்புறம் எனக்கு மிச்சம் இருந்தது அன்று சமையலறையில் நான் சொன்ன வார்த்தை மட்டும்தான். அதோடு தனியாக இருக்க வேண்டியிருந்தது. அதனால்தான் எழுதவில்லை. உன் மேல் கோபம் இல்லை.

முதல் வருடமே வந்து சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை. சேர்ந்து அழுதிருப்போம். சண்டை போட்டிருப்போம். ஏதோ ஒன்று நடந்திருக்கும். இப்போது எனக்கு ஐம்பத்தெட்டு, உனக்கு ஐம்பத்துமூன்று.

நவம்பரில் நாலு நாள் விடுப்பு இருக்கிறது. வரலாமா? மரத்தைச் சாக்காகச் சொல்லவில்லை.

*

அக்டோபர் 19
வீடு

உங்கள் கடிதம் சனிக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது வந்தது. உட்கார்ந்து படிக்கச் சொன்னீர்கள். நான் நின்றுகொண்டுதான் படித்தேன், உருளைகளுக்குப் பக்கத்தில். கூட வேலை செய்பவள், என்னக்கா, ஆவி முகத்தில் அடித்துவிட்டதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அப்பாவுக்குத் தெரியும் என்பதை நீங்கள் கடைசிவரை சொல்லாமலே இருந்திருக்கலாம். இல்லாவிட்டால் ஆறு வருடம் முன்பே சொல்லியிருக்கலாம். இரண்டில் எதைச் செய்திருந்தாலும் உங்களை நான் திட்டியிருப்பேன். இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைச் சின்னப் பிள்ளைபோல் நடத்தியிருக்கிறீர்கள். நான் அப்படித்தான் நடந்துகொண்டேன், அதுவும் தெரிகிறது.

அவரை இல்லத்துக்குக் கூட்டிப்போன நாளை உங்களுக்கு நான் சொன்னதில்லை. வாடகைக் கார். பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் அவர் கால் தானாக அசைந்தது. பாதி வழிகூடப் போகவில்லை. சிலேட்டில் ஏதோ எழுதி என் பக்கம் நீட்டினார். ‘நல்ல இடம்.’

“இன்னும் பாக்கவே இல்லையேப்பா. எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

கோணிய வாயால் சிரித்தார். என்னைத் தேற்றுவதற்கு ஏதோ எழுதுகிறார், பாவம், அவரை நாம் தேற்ற வேண்டியிருக்க அவர் நம்மைத் தேற்றுகிறாரே என்று நினைத்தேன். அந்த அளவுக்குத்தான் புரிந்தது. எல்லாம் தெரிந்து, என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்திருக்கிறார். போகிற வழியில் ஒருமுறையாவது, ‘அப்பா, நான்தான்’ என்று சொல்லியிருக்கலாம். அவர் வாயால் பேச முடியாதவர். நான் பேச முடிந்தவள். அதற்குப் பிறகும் பதினோரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. பதினோரு தடவையும் துணி மடித்து வைத்துவிட்டு, சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

பழம் பழுத்துவிட்டது. இருபத்திரண்டு தேறிற்று. முழு மஞ்சள். கூடத்தில் வைத்தால் வாசல்வரை மணக்கிறது. நேற்று ஆறு பழத்தை நறுக்கி அடுப்பில் வைத்தேன். அறுக்கக் கை வலித்தது, கட்டைதான். முதலில் வெளுப்பாகத்தான் இருந்தது. மூடி போட்டுச் சிறு தீயில் மூன்று மணி நேரம். அதற்கு மேல்தான் மெல்ல மெல்லச் சிவக்க ஆரம்பித்தது. கிளறிக்கொண்டே அழுதேன். யாரும் இல்லாத வீட்டில் அழுவதில் ஒரு வசதி, அடுப்பை நிறுத்த வேண்டியதில்லை.

வாருங்கள். ஆனால் முன்போலச் சேர்ந்து இருப்பதற்கா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. கூடத்தில் படுக்கை போட்டு வைக்கிறேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தாலும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திருமணமான புதிதிலேயே எல்லாப் பேச்சையும் பேசித் தீர்த்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஞாயிறு காலை என்னோடு அப்பாவைப் புதைத்த இடத்துக்கு வர வேண்டும். ஆறு வருடமாக நான் அங்கே போகிறேன். சருகைக் கூட்டுவேன், தண்ணீர் ஊற்றுவேன், திரும்பிவிடுவேன். ஒரு வார்த்தை வந்ததில்லை. இந்தத் தடவை அவரிடம் நீங்கள் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்துவிட்டது என்று. நான் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். அவரிடம் ஒளிக்காமல் பேசியவர் நீங்கள் ஒருவர்தான்.